நோகாத நோய்

பெரியம்மாவின் விரல்களுக்கு முடிச்சு தெரியவில்லை.

மதுரையில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த வாழைநார் ஒரு பக்கம், முறத்தில் உதிரி மல்லிகை ஒரு பக்கம். இரண்டு மொட்டு இங்கிட்டு, இரண்டு மொட்டு அங்கிட்டு, காம்போடு காம்பைச் சேர்த்து நாரைச் சுற்றி இழுத்தால் ஒரு முடிச்சு. ஐம்பது வருடமாக இந்த வேலையை அவர் கண்ணால் பார்த்துச் செய்ததில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே, பேரனை அதட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டே கட்டுவார். ஒரு உட்காருதலில் இருபது முழம் வரும். நார் இறுகியதை விரல் நுனி அறியும். அறிந்ததும் அடுத்த பூவுக்குப் போகும். அன்று அவருடைய கண் கையை விட்டு நகரவில்லை. ஒரு முழம் முடிந்ததும் சரத்தைத் தூக்கிப் பார்த்தார். நடுவிலிருந்து நாலைந்து மொட்டுகள் நழுவி மடியில் விழுந்தன.

"முடிச்சு விழுந்துச்சா இல்லையான்னு வெரலு சொல்ல மாட்டேங்குது" என்றார்.

அவருக்கு 68 வயது. சர்க்கரை வந்து 14 வருடம்.

மறுவாரம் அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போனேன். டாக்டர் இளம்பெண். வெளியே வரிசை படிக்கட்டு வரை நின்றது. அவர் முகத்தில் களைப்பு இருந்தது, குரலில் இல்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். வெறும் வயிற்றில் 182. சாப்பிட்ட பிறகு 264. மூன்று மாதச் சராசரி 9.4.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டரம்மா."

"எங்கம்மா நல்லா இருக்கீங்க? சுகர் கண்ட்ரோல்லயே இல்லையே."

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரின் பார்வை போல இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. விடியுமுன் தானே எழுந்திருக்கிறார், தானே சமைக்கிறார், கோயிலுக்கு நடந்து போய் வருகிறார், தன் சேலையை இன்னொருவர் துவைக்கும் நிலை வரவில்லை. இதுதான் அவருடைய 'நல்லா இருக்கேன்.' டாக்டரும் பொய் சொல்லவில்லை. 9.4 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காலை நீட்டச் சொன்னார். ஒரு சிறு கைப்பிடியில் நைலான் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. 10 கிராம் விசை பட்டதும் வளைகிற மாதிரி செய்த இழை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் தொடும்போது தெரிந்தால் சொல்ல வேண்டும். பெரியம்மா கண்ணை இறுக மூடிக் காத்திருந்தார். இழை பெருவிரலடியிலும் முன்பாதத்திலும் ஒவ்வோர் இடமாக வளைந்து நிமிர்ந்தது. இரண்டு கால்களும் முடிந்தபிறகு அவர் கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையா தாயி?"

டாக்டர் எதுவும் சொல்லாமல் எழுதினார். மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்சுலின் போட வேண்டிவரும் என்றார். வெளியே வந்ததும் பெரியம்மா வருத்தப்பட்டது வேறொன்றுக்காக: "வெரலு கதையச் சொல்றதுக்குள்ள அடுத்த டோக்கனக் கூப்புட்டாங்க."

அன்றிலிருந்து அந்த அறை எனக்குள்ளேயே இருக்கிறது. ஒரே உடம்பைப் பற்றி இரண்டு பேர், இரண்டு பேருமே அக்கறையோடு, இரண்டு வேறு விஷயங்களைப் பேசினார்கள்.

*

நோய் என்ற நம் சொல் 'நோ' என்ற வினையிலிருந்து வருகிறது. நோவது நோய். சங்கப் பாடல்களில் தலைவிக்கு வரும் நோயை எந்தக் கருவியும் அளந்ததில்லை. அவள் நோகிறாள், ஆகவே அது நோய். அந்தச் சொல்லில் நோய்க்குச் சாட்சி அதை அனுபவிப்பவர் மட்டுமே. மருத்துவரும் அவரை நம்பித்தான் தொடங்க வேண்டியிருந்தது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்பதற்கு முன்னால் மருத்துவம் என்று ஒன்று கிடையாது. பிரெஞ்சுத் தத்துவவாதி ஜார்ஜ் கங்கிலெம் 1943இல் மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் இதைத்தான் வலியுறுத்தினார்: மனிதர்கள் தாங்கள் நலமாக இல்லை என்று உணர்ந்ததால்தான் மருத்துவம் பிறந்தது, மருத்துவம் சொல்லி மனிதர்கள் தங்கள் நோயை அறியவில்லை என்று.

சர்க்கரை அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. இது நோகாத நோய். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெயரையே பாருங்கள். தன்னார்வலர் வாசலுக்கு வந்து, விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஓர் எண். அதுவரை வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண் அந்த நிமிடம் முதல் நோயாளி. அவருக்கு எதுவும் நோகவில்லை, விரலில் குத்திய இடத்தைத் தவிர. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தச் செய்தி வெளியிலிருந்துதான் வந்திருக்கும், உள்ளிருந்து வந்திருக்காது.

கங்கிலெமுக்கு முன்னால், 1930களில், ரெனே லெரிஷ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆரோக்கியத்தை உறுப்புகளின் மௌனமாகக் கண்டார். வயிறு இருப்பது தெரியாமல் இருந்தால் வயிறு நலம். மூட்டு இருப்பது தெரியாமல் நடந்தால் மூட்டு நலம். நம் வீட்டுப் பெரியவர்களும் இதைச் சொல்லாமல் சொல்கிறவர்கள்தான். ஆனால் பெரியம்மாவின் பாதத்தில் நான் பார்த்ததும் மௌனம்தான். நைலான் இழை வளைந்தபோது அந்தப் பாதம் பேசவில்லை. நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்க, வெறுங்காலோடு கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்பி வந்ததை அவர் வீட்டில் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறார்; நாங்களும் சிரித்திருக்கிறோம். இங்கே மௌனமே நோய். முள் குத்தினால் கத்த வேண்டிய கால் கத்தாது. கத்தாததால் புண் கவனிக்கப்படாது. கவனிக்கப்படாத புண் ஒருநாள் விரலையோ பாதத்தையோ கொண்டுபோகும்.

ஆகவே நோயாளி உணர்வதே உண்மை, டாக்டர் பார்ப்பது வெறும் காகிதம் என்று சுலபமாக எழுதிவிட என்னால் முடியாது. அந்தக் காகிதம் இல்லையென்றால் பெரியம்மாவின் கால் யாரிடமும் பேசியிருக்காது.

*

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து மூன்று மாதத்துக் கதையை ஒரே எண்ணாகச் சொல்வதுதான் ஹெச்பிஏ1சி. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் இருந்து டாக்டரைச் சமாளிக்க முடியாது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான ஆய்வு, புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட 5,000க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண் ரத்தக்குழாய்ப் பாதிப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. டாக்டர் 9.4ஐப் பார்த்து முகம் சுளித்தபோது அந்த ஆயிரக்கணக்கானவர்களின் கண்களும் கால்களும் அவர் முன்னால் இருந்தன. எண் என்பது இரக்கமில்லாத பொருள் அல்ல. முன்பு துன்பப்பட்டவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை அது.

ஆனால் எண்ணையே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் மருத்துவம் அனுபவித்து அறிந்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைக் கொண்டு 'அக்கார்ட்' என்ற ஆய்வு நடந்தது. இதய நோய் உள்ளவர்கள், அல்லது வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு மூன்று மாதச் சராசரியை 6க்குக் கீழே, ஏறக்குறைய நோயில்லாதவரின் அளவுக்கு, கொண்டுவர முயன்றார்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். எண் இறங்கியது, ஆனால் அந்தப் பிரிவில் சாவு அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் எல்லோருக்கும் ஒரே எண் என்ற பிடியைத் தளர்த்தின. இளைஞருக்கு 7க்குக் கீழே என்றால், பல நோய்கள் சேர்ந்த முதியவருக்கு 8க்குக் கீழே இருந்தாலே போதும் என்றன. அப்படியென்றால் எந்த எண் வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்? அந்தக் கேள்விக்கு ரத்தத்தில் விடை இல்லை.

எல்லைக்கோடும் நகர்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 140 ஆனால்தான் நோய் என்றிருந்ததை 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 126க்கு இறக்கியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள் உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமல் நோயாளிகளானார்கள். காரணம் நியாயமானது, முன்கூட்டியே கண்டுபிடித்தால் கண்ணைக் காப்பாற்றலாம். இருந்தாலும் கோட்டை வரைகிறவர் நிற்கும் இடம் வேறு, கோடு தன் மேல் விழுகிறவர் நிற்கும் இடம் வேறு.

'நார்மல்' என்ற சொல்லின் வேரான லத்தீன் 'நோர்மா' தச்சரின் மூலைமட்டத்தைக் குறிக்கும். டாக்டர் அதை உடம்பின் மேல் வைத்துப் பார்க்கிறார்: கோணம் சரியா, கோணலா? அவர் வேலைக்கு அந்த மட்டம் வேண்டும். ஆனால் நம் மொழி அதே இடத்தில் வேறு சொல்லை வைத்திருக்கிறது. மருத்துவமனை 'நார்மல் டெலிவரி' என்பதை நம் வீடுகள் சுகப்பிரசவம் என்கின்றன. ஒன்று அளவைச் சொல்கிறது, மற்றது அனுபவத்தைச் சொல்கிறது.

*

நம் வீடுகளில் ஆரோக்கியத்துக்கு ஒரு நாள் இருந்தது. அம்மை இறங்கினால் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். அதோடு பிள்ளை தெருவில் விளையாடப் போகலாம். நாட்டு மருந்துக்குப் பத்தியம் இருக்கும். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது. ஆனால் பத்தியம் முறிக்கும் நாளும் இருக்கும். அன்று ரசமும் சோறும் தேவாமிர்தமாக இருக்கும். நோய் என்றால் வந்து, இருந்து, போவது. போனதை ஊரறியக் காட்ட ஒரு குளியல், ஒரு சாப்பாடு.

சர்க்கரைக்குத் தலைக்கு ஊற்றும் நாள் இல்லை. முறிக்கவே முடியாத பத்தியம். 14 வருடமாகப் பெரியம்மா அந்த நாளுக்காகக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. "எப்பத்தான் மாத்திரைய நிப்பாட்டுவாங்க?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நாங்கள் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டோம். அது அறியாமை இல்லை. நோய் என்றால் என்ன என்பதற்கு அவர் வளர்ந்த உலகம் கொடுத்த இலக்கணம். அந்த இலக்கணம் இங்கே செல்லாது என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. இரண்டு மாதம் மாத்திரையை அவராகவே நிறுத்தினார். தனக்குத் தானே தலைக்கு ஊற்றிக்கொண்டார் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். நோட்டில் அது 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று பதிவாகியிருக்கிறது.

இன்சுலின் பயமும் அப்படித்தான். ஊசி வலிக்கும் என்பதல்ல அவர் பயம். வாழைநாரை இழை இழையாகக் கிழிக்கும் கை ஊசிக்கு அஞ்சாது. "சிரிஞ்சுல உள்ள கோடு கண்ணுக்குத் தெரியாதே, யாரு வந்து தினமும் போட்டுவிடுவா?" என்பதுதான் கேள்வி. கை கால் நன்றாக இருக்கும்போதே, யாருக்கும் பாரமில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்று நம் பெரியவர்கள் சாமியிடம் கேட்கிறார்கள். ஆயுளைக் கேட்பதைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுடைய ஆரோக்கியத்தின் சுருக்கம் அந்த வேண்டுதலில் இருக்கிறது. டாக்டருக்கு இன்சுலின் உயிரைக் காக்கும் மருந்து. பெரியம்மாவுக்கு அது பிறர் கையை எதிர்பார்க்கும் வாழ்வின் முதல் நாள்.

1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயில்லாதிருப்பது மட்டும் ஆரோக்கியமாகாது என்றது. உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நலமாக இருக்க வேண்டும் என்றது. பெரிய மனதோடு எழுதிய வரையறை. ஆனால் அந்த 'முழுமை'யை வைத்துப் பார்த்தால் பெரியம்மா வாழ்நாளில் ஒருநாள்கூட ஆரோக்கியமாக இருந்ததில்லை. நெதர்லாந்தின் மருத்துவர் மாக்டெல்ட் ஹூபரும் அவருடைய குழுவினரும் 2011இல் வேறொரு வழியைச் சொன்னார்கள்: வாழ்க்கை தரும் இடர்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன்தான் ஆரோக்கியம். பின்னர் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர், கொள்கை வகுப்பவர்கள் என்று பலதரப்பினரிடம், எதையெல்லாம் ஆரோக்கியத்தில் சேர்ப்பீர்கள் என்று கேட்டார்கள். 2016இல் முடிவுகள் வந்தன. உடலின் இயக்கம், மனநிலை, வாழ்வின் பொருள், வாழ்க்கைத் தரம், பிறரோடு கலந்திருத்தல், அன்றாட வேலை என்று ஆறு பரிமாணங்கள். நோயாளிகள் ஆறையும் ஏறக்குறைய சமமாகக் கருதினார்கள். மருத்துவர்களின் பார்வை அதைவிடக் குறுகி, உடலைச் சுற்றியே நின்றது.

அதைப் படித்தபோது நம் சொல் ஒன்று புதிதாகக் கேட்டது. நோயாளி. தொழிலாளி, படைப்பாளி என்பது போல நோய் + ஆளி. 'ஆள்' என்ற வினை அதற்குள் இருக்கிறது. நோயைச் சுமப்பவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சொல்லைப் பிரித்தால் நோயை ஆள்பவர் வருகிறார். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைச் சொல்லும்போது நோயுற்றவரைத்தான் முதலில் வைக்கிறது. மருத்துவர் அவருக்குப் பின்னால் வருகிறார்.

*

அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகும்போது பெரியம்மா ஒரு முழம் பூவை வாழையிலையில் மடித்து எடுத்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு என்றார். அதே டாக்டர்தான். வாங்கிக்கொண்டு, "நீங்களே கட்டினதாம்மா?" என்று பிரித்துப் பார்த்தார். "இந்த இடத்துல மட்டும் ஏன் லூசா இருக்கு?"

பதினான்கு வருடத்து நோட்டில் இல்லாத கேள்வி அது. பெரியம்மா இரண்டு கையையும் மேசைமேல் விரித்துவைத்துச் சொன்னார். வெரலு நுனி மதமதன்னு இருக்கு தாயி; நாரு இறுகுறது தெரியல; முடிச்சு விழுந்துச்சான்னு கண்ணால பாத்துப் பாத்துக் கட்ட வேண்டியிருக்கு; இருபது முழம் கட்டுன எடத்துல எட்டுகூட வரல.

டாக்டர் அந்தக் கைகளைத் தன் கைக்குள் எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: சர்க்கரை முதலில் பிடிப்பது உடம்பின் மிக நீளமான நரம்புகளைத்தான். அதனால் பாதத்தில் தொடங்கும். அங்கிருந்து மெல்ல மேலே ஏறும். முட்டி அளவுக்கு ஏறும் சமயத்தில்தான் பெரும்பாலும் விரல் நுனிக்கு வரும். "உங்க கையில இருக்குறது கால்ல ஆரம்பிச்சதும்மா. போன மாசம் நான் தொட்டது உங்களுக்குத் தெரியலைல்ல? அதேதான் இது." கை மரப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று மணிக்கட்டையும் சோதித்துப் பார்த்தார்.

பெரியம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. காலை அவர் நோயென்று நினைத்ததே இல்லை, அது நோகவில்லை. கையை டாக்டர் கேட்டதே இல்லை. அது நோட்டில் இல்லை. ஒருவர் ஒரு முனையையும் இன்னொருவர் மறுமுனையையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், நடுவில் ஓடியது ஒரே நோய். பிறகு அவர் சொன்னார்: "நாரு ஒரு மொனையில இத்துப்போச்சுன்னா சரம் முழுக்க உதுரத்தான செய்யும்."

அவருடைய பாஷையில் அந்த நோய் அன்றுதான் அவருக்குள் வந்து சேர்ந்தது. அதுவரை சொன்ன "காலைப் பாத்துக்கங்க" என்ற அறிவுரை காலைப் பற்றியதாக இருந்தது. இப்போது அது பூவைப் பற்றியது. இன்சுலின் பேச்சும் மாறியது. கோடு பார்த்து நிரப்ப வேண்டிய சிரிஞ்சுக்குப் பதிலாக, திருகும்போது ஒவ்வோர் அளவுக்கும் 'டிக்' என்று ஒலிக்கும் பேனா ஊசியை டாக்டர் கையில் கொடுத்துக் காட்டினார். பெரியம்மா காதருகில் வைத்துத் திருகி எண்ணிப் பார்த்தார். விரலுக்குப் பதிலாகக் காது. தானே போட்டுக்கொள்ள முடியும் என்று தெரிந்தபிறகு ஊசி வேறு பொருளாகிவிட்டது.

இந்தப் பேச்சுக்கு நாலைந்து நிமிடம்தான் கூடுதலாக ஆகியிருக்கும். வெளியே வரிசை படிக்கட்டு வரை நிற்கும்போது நாலைந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். அந்த நேரத்தைத் தன் மதிய உணவிலிருந்துதான் அந்தப் பெண் எடுத்திருப்பார். டாக்டர்களுக்குக் கேட்கும் மனது இல்லை என்று இனி நான் சொல்ல மாட்டேன். கேட்பதற்கான நேரத்தை நாம் மருத்துவத்தின் பகுதியாக எண்ணாமல் விட்டிருக்கிறோம். மருந்துக்கும் கருவிக்கும் கட்டடத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் டாக்டர்கள், ஒவ்வொருவருக்கும் இன்னும் கொஞ்சம் நிமிடங்கள் என்ற கணக்கும் அதே தாளில் வர வேண்டும். நோட்டில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் ஒரு வரி போதும்: இவரால் எதைச் செய்ய முடியாமல் போயிருக்கிறது?

இப்போது காலையில் பூவை எடுப்பதற்கு முன் பெரியம்மா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு பாதங்களின் அடியையும் பார்த்துக்கொள்கிறார். கால் சொல்லாததைக் கண்ணைக் கொண்டு கேட்கிறார். மரத்துப்போன நரம்பு முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மேற்கொண்டு ஏறாமல் நிறுத்துவதுதான் இருவரின் வேலையும். அதற்கு ஒத்துக்கொண்டபிறகு, மாத்திரையை எப்போது நிறுத்துவார்கள் என்று அவர் கேட்பதில்லை.

போன வாரம் போனில் பேசினேன். மூன்று மாதச் சராசரி 8.1க்கு வந்திருப்பதாக அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். இருந்தாலும் அவரிடம் கேட்டேன்: "எப்படி இருக்கீங்க பெரியம்மா?"

"இன்னைக்குப் பதினோரு முழம்" என்றார்.